கைக்குழந்தை செலவ கைக்குள்ள வச்சுக்கறது எப்படி?

மொதல்ல டயப்பர், காசு அதுலதான் கரையுது. பகல்ல வீட்ல இருக்கறப்ப பழைய வேட்டித்துணி கட்டிவிடுங்க, டயப்பர் ராத்திரிக்கும் பஸ் பயணத்துக்கும் போதும். 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், தண்ணிகூட வேணாம், அப்புறம் டப்பா மாவு வாங்க ஓடாதீங்க, நம்ம தர்மபுரி பக்கம் கேவுருக்கா (கேழ்வரகு) பஞ்சம், ஊறவச்சு மொளகட்டி காயவச்சு அரைச்சு சலிச்சு வச்சுகிட்டா தினம் கூழ் காய்ச்சிடலாம் (மாமியாருங்க சொல்றதுல இது ஒண்ணு கரெக்ட்டுதான்). அங்கன்வாடில பேர் பதிஞ்சா 3 வயசு வரைக்கும் சத்துமாவு இலவசம். தடுப்பூசிய ஆரம்ப சுகாதார நிலையத்துலயே போடுங்க, பென்டாவேலன்ட் (அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி), ரோட்டா சொட்டு மருந்து (வயித்துப்போக்குக்கு), நிமோனியா ஊசி எல்லாமே ஃப்ரீ, தனியார்ல இதுக்கே ஆயிரக்கணக்குல போயிடும், அட்டைய மட்டும் தொலைச்சிடாதீங்க. துணி ஒரு சைஸ் பெருசா எடுங்க. ஷூ எல்லாம் நடக்க ஆரம்பிச்சப்புறம் பாத்துக்கலாம்.