யேர்மனியில் சலூன் திறக்க மைஸ்டர் படித்தே ஆக வேண்டுமா?

கடைக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிவிட்டுத்தான் பலபேர் எனக்கு ரெலிபோன் எடுக்கிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் செய்தேன். கதிரை, கண்ணாடி எல்லாம் இறக்கிவிட்டுப் பதியப் போனால், "கார்ட்ட எங்கே?" என்று கைவினைத் தொழில் பதிவு அட்டையைக் கேட்டார்கள். மூன்று மாத வாடகை தண்ணீராய்ப் போனது. ஹண்ட்வேர்க்ஸ்கார்ட்ட என்ற அந்த அட்டை கைக்கு வருமுன் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

யேர்மன் கைவினைத் தொழில் சட்டத்தில் 'ஏ' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள தொழிலைச் சொந்தமாக நடத்த கைவினைத் தொழில் சபையான ஹண்ட்வேர்க்ஸ்காமரின் (சுருக்கமாகக் காமர்) பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்கு வழக்கமான வழி மைஸ்டர், அதாவது அந்தத் தொழிலின் உயர் பட்டம். 2004இல் 94 தொழில்களில் 53ஐ விடுவித்தார்கள். 2020 பெப்ரவரியில், மாபிள் பதிப்பது உட்பட 12 தொழில்களைத் திரும்ப உள்ளே இழுத்தார்கள். சலூன் அந்தப் பட்டியலை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை. 'பாபர் ஷொப்' என்று பலகை மாட்டினால் மைஸ்டர் வேண்டாம் என்பவர்களை நம்பாதீர்கள். முடி வெட்டினால் அது சலூன்தான். பதியாமல் நடத்திப் பிடிபட்டால் தண்டம் 50,000 யூரோ வரை போகலாம்.

(உடுப்புத் திருத்தித் தைக்கும் கடைக்கு இந்தத் தொல்லை இல்லை. என் மனைவி காமரில் ஒரு பதிவோடு தொடங்கிவிட்டாள். எனக்குப் பத்தரை வருடம் எடுத்தது.)

சரி, மைஸ்டர் படிக்காமல் வழி உண்டா? உண்டு. தொழிற்பயிற்சி முடிவில் எழுதும் கெசெல்லன் பரீட்சையைப் பாஸ் பண்ணி, அதே தொழிலில் ஆறு வருடம் வேலை செய்து, அதில் நான்கு வருடம் பொறுப்பான நிலையில் இருந்திருந்தால் காமரிடம் அனுமதி கேட்கலாம். 'அல்ற்கெசெல்லன்' வழி என்பார்கள். சலூனுக்கு இது பொருந்தும். மூக்குக்கண்ணாடிக் கடை, பல் கட்டும் தொழில் போன்றவற்றுக்குப் பொருந்தாது.

நான் வந்த வழி இதுதான். ஊரில் பெரியப்பாவின் சலூனில் தொழில் பழகினேன். கையில் ஒரு துண்டுப் பேப்பர் இல்லை. அப்படிப்பட்டவர்கள் அவுஸ்பில்டுங் (தொழிற்பயிற்சி) செய்யாமலே, வெளியாளாகக் கெசெல்லன் பரீட்சை எழுதலாம். பயிற்சிக் காலத்தின் ஒன்றரை மடங்கு அந்தத் தொழிலில் வேலை செய்திருக்க வேண்டும். சலூனுக்குப் பயிற்சி மூன்று வருடம், ஆகவே நாலரை வருடம். ஆண்களின் வெட்டில் எனக்குப் பயமில்லை. பெண்களின் தலைக்குச் சாயம் பூசுவதுதான் கஷ்டப்படுத்தியது. இரண்டு மாதம் இரவில் பொம்மைத் தலையை வைத்துப் பழகினேன். குசினி மேசையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

அடுத்த ஆறு வருடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேலை செய்திருப்பார்கள், ஆனால் 'பொறுப்பான நிலை' என்பதற்கு அத்தாட்சி இருக்காது. முதலாளி எனக்கு முதலில் தந்த கடிதத்தில், "நல்ல வேலையாள், நேரத்துக்கு வருவார்" என்று இரண்டு வரி. காமர் திருப்பி அனுப்பிவிட்டது. பிறகு அவரோடு இருந்து எழுதி வாங்கினேன்: எந்தத் திகதியிலிருந்து கடைச் சாவி என்னிடம், வேலை அட்டவணை போட்டது யார், சாமானுக்கு ஓடர் கொடுத்தது யார், பழகுநர்களுக்கு யார் காட்டிக்கொடுத்தது, முதலாளி இல்லாத நேரம் முடிவு எடுத்தது யார். அந்தக் கடிதம் எடுபட்டது. வேலையை விட்டபிறகு பழைய முதலாளியைத் தேடி அலையாதீர்கள். அங்கே இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

ஊரில் முறையாகப் படித்துச் சான்றிதழ் எடுத்தவர்களுக்கு வேறு பாதை. 2012இல் வந்த சட்டப்படி, வெளிநாட்டுத் தகுதி இங்கத்தையதற்குச் சமமா என்று காமரிடம் பார்க்கச் சொல்லலாம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்க்க வேண்டும். முறைப்படி படித்தும் பேப்பர்கள் போதவில்லையென்றால், வேலையைச் செய்து காட்டவும் இடம் உண்டு. அது கெசெல்லனுக்குச் சமம் என்று வந்தால், நான் சொன்ன ஆறு வருடக் கணக்கு அதற்குப் பிறகு இருக்கிறது.

மைஸ்டர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தும் கடை திறக்கலாம். ஆனால் அவர் உண்மையாகவே கடையில் நின்று தொழிலை நடத்த வேண்டும். பெயரை மட்டும் மாதம் இத்தனை யூரோவுக்கு வாடகைக்குத் தருகிறேன் என்று வருபவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். காமர் வேலை ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் பார்க்கும்.

வயது இருந்தால் மைஸ்டரே படியுங்கள் என்றுதான் என் மகனுக்கும் சொன்னேன். நான்கு பகுதி: செய்முறை, தொழில் அறிவு, கணக்கும் சட்டமும், பழகுநருக்குக் கற்பிப்பது. கட்டணத்துக்கு அவுவ்ஸ்ரீக்ஸ் பாஃபெக் என்ற அரச உதவி கிடைக்கும். பாதி இலவசம், மீதி கடன். பாஸ் பண்ணினால் அந்தக் கடனிலும் பாதியைத் தள்ளுபடி செய்வார்கள்.

கார்ட்ட வந்தபிறகு கெவெர்ப அம்ற் (வியாபாரப் பதிவுக் கந்தோர்), வரிக் கந்தோர், விபத்துக் காப்புறுதி என்று வரிசையாகப் போகலாம். எல்லாம் ஒரு கிழமை அலுவல். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள்: 'ஏ' பட்டியல் தொழிலைத் தனியாளாக நடத்துபவர் 18 வருடக் கணக்கு நிறையும் வரை அரச ஓய்வூதியத்துக்குக் கட்ட வேண்டும். வேலைக்காரராக இருந்தபோது கட்டிய மாதங்களும் அதில் சேரும். எனக்கு ஏற்கனவே பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பழைய சம்பளத் துண்டுகளை எறியாமல் வைத்திருந்ததால் அதைச் சரிபார்க்க முடிந்தது.