முதலில் பெட்டி, அப்புறம் இன்ஜின்: டர்பன் குளிர்வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கம் நாலைந்து குளிர்வண்டி வைத்துக்கொண்டு கோழி, மீன், பால், காய்கறி ஏற்றி இறக்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "மின்வண்டிக்கு மாறலாமா?" என்று யோசனை வந்ததும் பலர் நேராக லாரி ஷோரூமுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கடைசியில் போனால் போதும். அதற்கு முன்னால், செலவு குறைவாகவும் பலன் உடனடியாகவும் கிடைக்கிற வேலைகள் நிறைய இருக்கின்றன. வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: டீசல் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்

குளிர்வண்டியில் டீசல் இரண்டு வேலைக்குப் போகிறது: வண்டி ஓட, பெட்டி குளிர. சின்ன வேன்களில் குளிர் கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட்டே சுற்றும். கொஞ்சம் பெரிய லாரிகளில் கேபினுக்கு மேலே தெர்மோ கிங், கேரியர் போன்ற தனி யூனிட் உட்கார்ந்திருக்கும். அதற்கென்று தனியாக ஒரு குட்டி டீசல் இன்ஜின் உண்டு. அந்த யூனிட்டில் மணி மீட்டர் இருக்கும். காலையில் ஒரு முறை, வண்டி திரும்பியதும் ஒரு முறை அதைக் குறித்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்குத் தனி டேங்க் இருந்தால் அதில் ஊற்றும் டீசலையும் தனியாக எழுதுங்கள். இரண்டு வாரம் எழுதினால் போதும், படம் தெளிவாகிவிடும். முடிந்தால் பிப்ரவரியில் எழுதுங்கள். ஜூலைக் குளிர்காலத்தில் எடுத்த கணக்கு டர்பன் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் உதவாது.

ஏன் இந்தப் பிரிவினை என்றால், நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு (அதாவது ஒரு கிலோவாட்-மணிக்கு) ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு. 7.5 டன் மின்லாரி ஒன்று கிலோமீட்டருக்கு 0.6 யூனிட் எடுக்கும், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 0.65 என்று வையுங்கள். அதாவது 0.65 கிலோ புகை, உங்கள் கண்ணுக்குப் படாமல் ம்புமலாங்கா மாகாண அனல் மின் நிலையத்தில் வெளியேறுகிறது. அதே அளவு டீசல் லாரி 100 கிலோமீட்டருக்கு 16 லிட்டர் குடித்தால், லிட்டருக்கு 2.68 கிலோ வீதம், கிலோமீட்டருக்கு 0.43 கிலோதான். ஆக, வெறும் எஸ்காம் மின்சாரத்தில் ஓடும் லாரி டீசல் லாரியைவிட அதிகம் புகைக்கிறது! "பசுமை" என்று பக்கவாட்டில் பெயிண்ட் அடிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குளிர் யூனிட்டில் கதையே வேறு. அந்தக் குட்டி டீசல் இன்ஜின் திறமை குறைந்தது. மணிக்கு 2 லிட்டர் எரித்தால் 5.4 கிலோ. அதே குளிருக்கு மின் கம்ப்ரஸர் மணிக்கு இரண்டு அல்லது இரண்டரை யூனிட் எடுத்தால், நிலக்கரி மின்சாரமாகவே இருந்தாலும் இரண்டரைக் கிலோவைத் தாண்டாது. பாதிக்கும் கீழே. அதனால்தான் முதலில் பெட்டி, அப்புறம் இன்ஜின்.

படி 2: பெட்டியைச் சோதியுங்கள்

ஒழுகுகிற பெட்டியை மின்வண்டியின் மேல் ஏற்றினால் பேட்டரியின் ஒரு பங்கு கதவிடுக்கு வழியே போய்விடும். சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

நல்ல வெயில் நேரத்தில் ஒருவர் பெட்டிக்குள் நிற்கட்டும், கதவைச் சாத்துங்கள். (வெளியே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். யூனிட் அணைந்திருக்க வேண்டும்.) உள்ளிருந்து பார்த்தால் ரப்பர் பட்டை விட்டுப்போன இடத்தில் கோடாக வெளிச்சம் தெரியும். அடுத்து, ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துப் பூட்டி, வெளியிலிருந்து இழுங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். கதவைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் இப்படிச் செய்து, பழுதான இடங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். கீழ் மூலைகள்தான் பெரும்பாலும் முதலில் போகும். டிராலி இடிப்பதும் கழுவுகிற தண்ணீர் தேங்குவதும் அங்கேதான்.

இப்போது சின்னக் கணக்கு. 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரப் பெட்டிக்குச் சுற்றுப்பரப்பு 40 சதுர மீட்டர். நல்ல காப்பு உள்ள பெட்டியில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 0.4 வாட் வெப்பம் நுழையும். வெளியே 32, உள்ளே 2 டிகிரி என்றால் வித்தியாசம் 30. பெருக்கினால் 480 வாட். மைனஸ் 18-ல் ஐஸ்கிரீம் கொண்டுபோனால் 800 வாட். இது கதவைத் திறக்காமல் நிற்கும் பெட்டிக்கு. கடை கடையாக நிறுத்தித் திறந்தால் இரண்டு மூன்று மடங்காகும். அதுவும் டர்பனின் ஈரக் காற்று உள்ளே போனால் காயிலில் (குளிரூட்டும் குழாய்ச் சுருளில்) பனி கட்டும், அதை உருக்க இன்னும் கொஞ்சம் மின்சாரம். ஒரு பிளாஸ்டிக் பட்டைத் திரை மாட்டுவதற்கு ஆகும் செலவையும் கூடுதல் பேட்டரியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

குளிர் வாயுவையும் விட்டுவிடாதீர்கள். பழைய யூனிட்டுகளில் ஆர்404ஏ இருக்கும். அதில் 1 கிலோ கசிந்தால் 3.9 டன் கரியமில வாயுவுக்குச் சமம். மேலே சொன்ன டீசல் லாரி 9,000 கிலோமீட்டர் ஓடி விடும் புகை அது. "கேஸ் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, நிரப்பிடலாம்" என்று மெக்கானிக் சொன்னால், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

படி 3: டெப்போவில் ஒரு பிளக்

தனி யூனிட் உள்ள பல லாரிகளில் ஸ்டாண்ட்பை மோட்டார் ஏற்கெனவே இருக்கும். வண்டி நிற்கும்போது டீசலுக்குப் பதில் மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் யூனிட்டை ஓட்டலாம். அந்த சாக்கெட்டில் தூசி படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும், யாரும் தொட்டதில்லை என்று. சரக்கு ஏற்றும் முன் பெட்டியைக் குளிர்விப்பது, ஏற்றிவிட்டுக் காத்திருப்பது எல்லாம் பிளக்கில் நடக்கட்டும். புது வண்டி வாங்காமலே டீசல் குறையும், விடியற்காலைச் சத்தமும் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் வாழ்த்துவார்.

படி 4: எந்த வண்டியை முதலில் மாற்றுவது

வழித்தடங்களை எழுதுங்கள். தூரத்துக்குப் பக்கத்தில் ஏற்றத்தையும் எழுத வேண்டும், ஏனென்றால் டர்பனிலிருந்து உள்நாட்டுப் பக்கம் எந்தச் சாலையில் போனாலும் மலைதான். 7.5 டன் லாரி கடலோரத்திலிருந்து கேட்டோ ரிட்ஜ் பக்கம் சுமார் 700 மீட்டர் ஏற, சமதளத்துக்கு ஆகும் மின்சாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட 16 யூனிட் கூடுதலாகத் தேவை. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காகிப் பேட்டரியை நிரப்பும் என்பார்கள். உண்மைதான். ஆனால் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக இறங்குகிறீர்கள், மூன்றில் ஒரு பங்கு திரும்பினால் அதிகம்.

ஹில்கிரெஸ்ட் போல மேட்டில் டெப்போ இருந்தால் வேறு சிக்கல். பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தால் இறக்கத்து மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, முழுச் சுமையும் சாதா பிரேக் மீது விழும். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கம் எப்படிப்பட்டது என்று, லாரி மோதிப் பலர் இறந்த 2013 விபத்துக்குப் பிறகு இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட டெப்போவில் சார்ஜை 85 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

முதல் மின்வண்டிக்குச் சரியான ஓட்டம் கிளேர்வுட் மொத்தச் சந்தையில் ஏற்றி, சாட்ஸ்வொர்த், மெரீபேங்க், ஐசிபிங்கோ கடைகளில் இறக்கும் ஊர்ச்சுற்று. வேகம் குறைவு, தூரம் குறைவு, இரவு வீடு திரும்பும். ஊல்வொர்த்ஸ் கடைத்தொடரும் வீட்டு டெலிவரி வேன்களில்தான் மின்சாரத்தைத் தொடங்கியது.

மாற்றும் காலத்துக்கு என் யோசனை புரட்டாசி. நம் குடும்பங்கள் கறி தொடாத மாதம், கோழி ஓட்டம் தானாகக் குறையும். ஒரு வண்டியைப் பத்து நாள் நிறுத்தினாலும் கடைக்காரர்கள் கோபிக்க மாட்டார்கள். பால், தயிர் ஓட்டத்தை மட்டும் அப்போது தொடாதீர்கள், அது ஏறும்.

உரிம விஷயம் பலரும் மறப்பது. பேட்டரியின் எடையால் வேனின் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டினால், கோட் 8 (இலகு வாகன) உரிமம் வைத்திருப்பவர் அதை ஓட்ட முடியாது. கோட் 10 வேண்டும், தொழில்முறை ஓட்டுநர் அனுமதி வேண்டும், வண்டிக்கு ஆபரேட்டர் கார்டும் வேண்டும். தாண்டாமல் இருந்தால் ஏற்றக்கூடிய சரக்கு குறைந்திருக்கும். விற்பவரிடம் "குளிர்பெட்டி, யூனிட் எல்லாம் பொருத்திய பிறகு எத்தனை கிலோ ஏற்றலாம்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

படி 5: மின் இணைப்பும் வெயிலும்

80 ஆம்பியர் மூன்று ஃபேஸ் இணைப்பு ஏறக்குறைய 55 கிலோவாட் தரும். நான்கு வேனுக்கு 11 கிலோவாட் சார்ஜர் போட்டால் 44 போய்விட்டது, மிச்சத்தில் கோல்ட் ரூம் ஓட வேண்டும். சார்ஜர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் வசதி இருந்தால் இணைப்பை உயர்த்தாமலே சமாளிக்கலாம். வயரிங் முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் கேளுங்கள். அது இல்லாவிட்டால் தீ விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும்.

நம் தொழிலுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மீனும் காயும் கொண்டுபோகிற வண்டிகள் விடியுமுன் கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிடும், சூரியன் உச்சியில் இருக்கும்போது சும்மா நிற்கும். டர்பனில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 50 கிலோவாட் கூரையில் 200 யூனிட், ஊர்ச்சுற்று லாரி நான்குக்குப் போதும். முதல் படியில் பார்த்த நிலக்கரிக் கணக்கு இங்கேதான் தலைகீழாகிறது. பேனலை மாநகராட்சியிடம் பதிவு செய்ய மறக்காதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நேரவாரிக் கட்டணத்தில் உச்ச நேர விலை எகிறும், அந்த நேரத்தில் சார்ஜர் தானாக நிற்கும்படி அமைத்துவிடுங்கள். கரண்ட் போகும் நாளுக்காக ஒரு டீசல் குளிர்வண்டியையாவது கையில் வைத்திருங்கள்.

சார்ஜரை இடுப்பளவு மேடை கட்டி அதன் மேல் வையுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் ப்ராஸ்பெக்டன் தொழிற்பேட்டையில் எந்த உயரம் வரை வந்தது என்று அங்கே வேலை செய்தவர்களைக் கேளுங்கள்.

படி 6: குளிருக்கு மின்சாரம் எங்கிருந்து

மூன்று வழி. வண்டியின் பெரிய பேட்டரியிலிருந்தே எடுப்பது எளிது, தூரம் குறையும். கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடுவதால், எட்டு மணி நேரத்துக்கு 8 முதல் 15 யூனிட் மின்சாரம் ஒதுக்கி மீதியில் தூரத்தைக் கணக்கிடுங்கள். குளிர் யூனிட்டுக்குத் தனி பேட்டரி வைத்தால் தூரம் பிழைக்கும், எடை கூடும். மூன்றாவது, ஐஸ்கிரீம் வண்டிகளில் இருக்கும் உறைதட்டு முறை: இரவில் பிளக்கில் தட்டுகளை உறைய வைத்து, பகலில் அதிலேயே ஓட்டுவது. ஒரே வெப்பநிலையில் ஒரே வகைச் சரக்கு என்றால் எனக்குப் பிடித்தது இதுதான், வழியில் கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் பால், மாலையில் உறைந்த கோழி என்று மாற்றி ஏற்றுபவர்களுக்கு ஆகாது.

ஷாப்ரைட் கடைத்தொடர் தன் குளிர் டிரெய்லர்களின் கூரையில் பேனல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 4 மீட்டர் பெட்டிக் கூரையில் நாளுக்கு ஐந்தாறு யூனிட் கிடைக்கும், குளிர்ச் செலவில் நல்ல பங்கு. எந்த முறையானாலும் 2018-ன் ஆர்638 உணவு விதிகள் வண்டிக்கும் பொருந்தும், ஆகவே வெப்பநிலைப் பதிவுக் கருவி கட்டாயம் போடுங்கள்.

படி 7: ஓட்டுநர்

கதவு திறக்கும் முன் யூனிட் விசிறியை நிறுத்தப் பழக்குங்கள், அவ்வளவுதான். மற்றதை அண்ணன்மார் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள்.

ஜோகன்னஸ்பர்க் ஓட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 570 கிலோமீட்டர், வான் ரீனன் கணவாய் ஏற்றம், முழு லோடு. அந்த லாரிகளுக்கு மூன்றாம் படியின் பிளக்கை இரண்டு முனையிலும் அமைத்தால் போதும். கழித்துப்போடும் பழைய யூனிட்டைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன், உள்ளிருக்கும் வாயுவை உரிமம் பெற்ற குளிர்பதன மெக்கானிக்கை வைத்துச் சிலிண்டரில் இறக்கி, எத்தனை கிலோ என்று ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.