படைவீரர் குடும்பம் சிறுதொழில் தொடங்கும்போது முதலில் செய்ய வேண்டியவை

படைப்பணி முடித்து நாற்பது வயதை ஒட்டி ஊர் திரும்பும் ஹவில்தார் ஒருவர், பணிக்கொடையும் கம்யூட்டேஷன் தொகையும் வங்கியில் வந்து விழுந்த முதல் சில மாதங்களில்தான் பெரும்பாலும் அவசரப்பட்டு முதலீடு செய்கிறார். கம்யூட்டேஷன் என்பது பதினைந்து ஆண்டுகளுக்கு மாத ஓய்வூதியத்தைக் குறைத்துக்கொண்டு மொத்தமாகப் பெற்ற பணம் என்பதை மனத்தில் வைத்து, வந்த தொகையில் பெரும்பகுதியைத் தொடாமல் வைத்துவிடுங்கள். வீட்டுச் செலவை ஓய்வூதியம் பார்த்துக்கொள்ளட்டும். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும்.

இயந்திரம் வாங்குவதற்கு முன்பே கடனுக்கு விண்ணப்பியுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமே உரியது என்பதால், ஆர்வத்தில் ஆலையை ஓடவிட்டுவிட்டுப் பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்குச் செல்பவர் மானியத்தை இழக்கிறார். இத்திட்டத்தில் முன்னாள் படைவீரர்களும் பெண்களும் சிறப்புப் பிரிவினர்: திட்டச் செலவில் சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும், மானியம் கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீதம். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கே இது கிடைக்கும் என்பதால், யார் பெயரில் விண்ணப்பிப்பது என்பதை நிதானமாக முடிவு செய்ய வேண்டும். கணவர் எல்லையில் இருந்த ஆண்டுகளிலெல்லாம் வரவு செலவைத் தனியாளாகக் கவனித்தவர் மனைவி. கடையை நடத்தப்போகிறவரும் அவரே என்றால், உரிமையும் அவர் பெயரில் இருப்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து. 2024 சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் ஒரு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் தருகிறது. அதற்கான தகுதிகளை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

விண்ணப்பம் நடக்கும்போதே, சிறு அளவில் செய்து பாருங்கள். மசாலாப்பொடித் தொழில் என்றால், ஐந்து கிலோ மிளகாயை வாங்கியபோதும், காம்பு கிள்ளிக் காயவைத்த பிறகும், அரைத்துச் சலித்த பிறகும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். அந்த மூன்று எண்களும் அரைவைக் கூலியும் பாக்கெட் விலையும் சேர்ந்தால்தான் நூறு கிராம் பொடியின் அடக்கவிலை தெரியும். வங்கி மேலாளர் கேட்கும் திட்ட அறிக்கைக்கும் அதுவே ஆதாரம்.

ஓய்வூதிய ஆணையிலும் ஆதாரிலும் மனைவியின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்பதை முன்னதாகவே சரிபாருங்கள். தலைப்பெழுத்து மாறியிருந்தால் படைப்பிரிவின் ஆவணப் பதிவு அலுவலகத்துக்கு (ரெக்கார்டு ஆபீஸ்) எழுதித் திருத்த நாளாகும்.

கணவர் இன்னும் பணியில் இருக்கும் பெண்கள், இடமாற்றத்தோடு நகரக்கூடிய தையல், இணையவழி வகுப்பு போன்றவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குவார்ட்டர்ஸ் அரசு இடமாதலால் அங்கே தொழில் நடத்த அனுமதி தேவை. சிறுதொழில்களுக்கான, கட்டணமில்லாத அரசுப் பதிவான உத்யம் பதிவை ஊரிலுள்ள சொந்த வீட்டில் தொழில் நடக்கும்போது அந்த முகவரியிலேயே செய்துகொள்ளலாம்.