கவுன்சிலரிடம் தீர்ப்பு கேட்காதீர்கள்: தம்பதியர் ஆலோசனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கவுன்சிலிங்குக்குப் போகும் கணவன் மனைவி பலருடைய மனதில் இருப்பது ஒரு பஞ்சாயத்துதான். "யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். எதிரில் இருப்பவர் தன் பக்கம் தலையாட்டினால் நல்ல கவுன்சிலர், இல்லையென்றால் "அவங்களுக்கு ஒண்ணும் தெரியல". மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்த எதிர்பார்ப்பிலிருந்துதான் முளைக்கின்றன.

ஒரு உதாரணம். தீபாவளி போனஸில் பாதியைக் கணவர் மனைவியிடம் சொல்லாமல் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். மனைவி சத்தம் போடுகிறார். அவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். அதன்பிறகு மூன்று நாள் "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று குழந்தைதான் தூது. பஞ்சாயத்தில் கேள்வி, பணம் கொடுத்தது சரியா தப்பா என்பதாக இருக்கும். நல்ல தெரபிஸ்ட், அதாவது முறையாகச் சிகிச்சை தரும் கவுன்சிலர், அந்தப் பக்கமே உடனே போகமாட்டார். "அவர் எழுந்து போனதும் உங்களுக்கு என்ன தோன்றியது? அவங்க குரல் உயர்ந்ததும் நீங்க ஏன் எழுந்தீங்க?" என்று கேட்பார். அவர் விலக விலக இவர் சத்தம் கூடுகிறது, சத்தம் கூடக்கூட அவர் இன்னும் விலகுகிறார். அடுத்த மாதம் பணத்துக்குப் பதில் மாமியாரின் பல் செட்டை வைத்து இதே சண்டை வரும். தெரபிஸ்ட் உடைக்கப் பார்ப்பது அந்தச் சுழலைத்தான். தம்பதியரைப் பல்லாண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், அவர்களுக்குள் வரும் கருத்து வேறுபாடுகளில் சுமார் 69 சதவீதம் தீராமல் தொடர்பவை என்கிறார். தீராததற்குத் தீர்ப்பு கேட்டு என்ன செய்வது?

தெரிந்தவரிடம் போவது அடுத்த தவறு. மனைவியின் சித்தி பெண் சைக்காலஜி படித்திருக்கிறாள், ஃபீஸும் இல்லை என்றால் வசதிதான். ஆனால் கணவர் அந்த அறையில் வாய் திறக்கமாட்டார். அம்மாவையும் அண்ணனையும் கூட்டிப்போய் உள்ளே உட்கார வைப்பதும் இதே ரகம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள். வார இறுதி வகுப்பில் ஒரு சான்றிதழ் வாங்கியவரும் கவுன்சிலர் என்று போர்டு மாட்டிக்கொள்ளும் ஊர் இது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருந்தில்லாமல் சிகிச்சை தரும் உளவியலாளர்) என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை அதன் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவர், மருந்து எழுதுபவர். மனநலத் துறையில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களிலும் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள் உண்டு. ஆனால் பட்டம் மட்டும் போதாது. ஒருவரை எதிரில் வைத்துப் பேசுவதும், சண்டை போடும் இருவரை ஒரே அறையில் வைத்துப் பேசுவதும் வெவ்வேறு வேலை. "தம்பதியரோடு வேலை செய்யத் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, எந்த முறையில் செய்வீர்கள், ஒரு செஷன் எவ்வளவு நேரம், என்ன கட்டணம்" என்று போனிலேயே கேளுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை. முதல் சந்திப்பிலேயே "நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று முடிப்பவரிடமோ, ஜாதகம் பார்க்கக் கேட்பவரிடமோ இரண்டாம் முறை போக வேண்டாம்.

ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: தனியாகச் சொல்வதைத் துணையிடம் சொல்வீர்களா? சிலர் தனியே ரகசியம் வாங்குவதே இல்லை. சிலர் வேறு விதி வைத்திருப்பார்கள். இது தெரியாமல், சண்டை முடிந்த கையோடு ராத்திரி பதினோரு மணிக்குத் தெரபிஸ்டுக்கு நீளமாக வாட்ஸ்அப் அனுப்பினால், அவரை உங்கள் வக்கீலாக்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

வக்கீல் என்றதும் இன்னொன்று. 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, முதலில் சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை. அங்கே கவுன்சிலரிடம் அனுப்புவது அதற்காக. அதில் உட்கார்ந்துவிட்டு "கவுன்சிலிங்கெல்லாம் போய்ப் பார்த்தாச்சு" என்று கைகழுவுவது சரியல்ல. வழக்கு போட்டபின் எடுக்கும் முயற்சி அது, சிகிச்சை வேறு.

அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே ஜோடியாகப் போவதே ஆபத்து. அறையில் மனைவி சொன்ன ஒரு வார்த்தைக்கு வீட்டுக்கு வந்ததும் பதில் கிடைக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த தெரபிஸ்ட் ஆரம்பத்திலேயே இருவரையும் தனித்தனியாகப் பார்த்து, பயம் இருக்கிறதா என்று கேட்பார். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வார்த்தையால் வதைப்பதையும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. அப்படிப்பட்ட நிலையில் முதலில் கூப்பிட வேண்டியது 181, பெண்கள் உதவி எண். "ரெண்டு பேரும் விட்டுக்கொடுங்க" என்ற அறிவுரைக்கு அங்கே இடமே இல்லை.

படுக்கையறைச் சிக்கலை மறைப்பதும் நிறைய நடக்கிறது. கல்யாணமாகி ஒரு வருடமாகியும் உறவே இல்லை, ஆனால் கவுன்சிலரிடம் சொல்வது மாமியார் பிரச்சினை! லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடம் கணவரையும், பரிகாரத்துக்குக் கோயில் கோயிலாக மனைவியையும் அனுப்புவதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். விறைப்புக் குறைபாட்டுக்குப் பின்னால் சர்க்கரை நோய் இருக்கலாம். பெண்ணுறுப்புத் தசைகள் தன்னிச்சையாக இறுகுவதற்கும் சிகிச்சை உண்டு. குடிப் பழக்கம், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இவையும் அப்படித்தான். அவற்றுக்குத் தனியே வைத்தியம் பார்க்காமல் பேசிப் பேசி மட்டும் தீர்க்க முடியாது.

அப்புறம், ஒரே செஷனில் நிறுத்திவிடுவது. முதல் இரண்டு மூன்று சந்திப்பு அவர் உங்களைப் புரிந்துகொள்ளவே போய்விடும். சில சமயம் வீட்டில் சண்டை கூடவும் செய்யும், இத்தனை நாள் மூடி வைத்தது வெளியே வருவதால். ஐந்தாறு முறைக்குப் பிறகும் அசைவே இல்லையென்றால் அவரிடமே சொல்லுங்கள், ஆளை மாற்றுங்கள்.

துணை வர மறுத்தால்? "வரலைன்னா டைவர்ஸ்தான்" என்று மிரட்டிக் கூட்டிப்போனால் அவர் வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் மட்டும் போகலாம். பணம் இடித்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ கேட்டுப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். ஒன்று மட்டும்: ஆறு மாதம் தனியாக உங்களைப் பார்த்த தெரபிஸ்டிடமே பிறகு துணையையும் உட்கார வைக்காதீர்கள். அவர் ஏற்கெனவே உங்கள் ஆள் என்றுதான் துணைக்குத் தோன்றும். சேர்ந்து போக வேறொருவரைப் பரிந்துரைக்கச் சொல்லி அவரிடமே கேளுங்கள்.