ரிசப்ஷன் பந்தியில் என்ன பாட்டு போடலாம்?

ரிசப்ஷன் என்றால் மண்டபம் தேடி அலைகிறோம், சமையல்காரரிடம் மெனுவை நாலு தடவை மாற்றி எழுதுகிறோம், மேடைக்கு என்ன நிறத்தில் பூ என்பது வரைக்கும் பேசி முடிக்கிறோம். சாப்பாட்டு ஹாலில் என்ன பாட்டு ஓடப்போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, சவுண்ட் சர்வீஸ் பையன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுகிறோம். விருந்துக்கு வந்தவர் மேடையில் நிற்பது போட்டோவுக்காக ஒரு நிமிஷம், பந்தியில் உட்காருவது அரை மணி நேரம். ரொம்ப வருஷமாகப் பார்க்காத சித்தப்பா மகனும், பழைய தெருவில் எதிர் வீட்டில் குடியிருந்த அக்காவும் பக்கத்து இலையில் உட்கார்ந்து பேசுவது அங்கேதான். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்து, அதற்கு அடியில் பாட்டு ஓட வேண்டும். இனி சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஹாலைப் பாருங்கள். நம்ம வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கமெல்லாம் இடம் நெருக்கம், அதனால் மண்டபங்கள் பெரும்பாலும் மேலே எழும்பியவை: ஒரு மாடியில் மேடை, இன்னொரு மாடியில் சாப்பாடு. சாப்பாட்டு ஹாலில் தரையிலும் டைல்ஸ், சுவரிலும் பாதி உயரத்துக்கு டைல்ஸ், திரைச்சீலை கிடையாது, மெத்தை நாற்காலி கிடையாது. கழுவிவிடச் சுலபம்தான், ஆனால் சத்தம் எங்கேயும் போய் அடங்காமல் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டே இருக்கும். இதோடு எக்ஸாஸ்ட் ஃபேன், கரண்டி, வாளி, தண்ணீர் கேன் சத்தம். டி.எச். ரோடு (திருவொற்றியூர் ஹை ரோடு) ஓரத்து மண்டபம் என்றால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளும், கொருக்குப்பேட்டை பக்கம் என்றால் ரயிலின் ஹார்னும் சேர்ந்துகொள்ளும். அட்வான்ஸ் கொடுக்கப் பகல் பதினோரு மணிக்குப் போனால் இதெல்லாம் தெரியாது. வேறு யாராவது வீட்டு ரிசப்ஷன் நடக்கிற ஒரு சாயங்காலம், எட்டு மணி வாக்கில் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பாட்டு ஹாலின் நடுவில் அஞ்சு நிமிஷம் நின்று பாருங்கள்.

அப்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, மேடைப் பக்கத்துச் சத்தம் சாப்பாட்டு ஹாலுக்குள் எவ்வளவு வருகிறது என்பது. மெல்லிசைக் குழு வைத்திருந்தால் கண்டிப்பாக வரும். மேலே டிரம்ஸ் அடிக்க, கீழே நீங்கள் வீணை போட்டால் இரண்டு பாட்டும் ஒன்றையொன்று கெடுத்து, சாப்பிடுகிறவருக்குத் தலைவலிதான் மிஞ்சும். மேடைச் சத்தம் நன்றாகக் கேட்கிறது என்றால் தனிப் பாட்டு வேண்டாம். மேடையின் சவுண்ட் மிக்சரிலிருந்து ஒரு லைன் இழுத்து அதையே சாப்பாட்டு ஹாலில் மெதுவாக விடச் சொல்லுங்கள், ஒரே பாட்டாவது ஒழுங்காகக் கேட்கும். கதவைச் சாத்தினால் அடங்குகிறது என்றால் மட்டும் தனியாகப் போடலாம்.

ஸ்பீக்கர் விஷயத்தில் கறாராக இருங்கள். மேடைக்குக் கொண்டுவருகிற 15 இஞ்ச் பாக்ஸில் ஒன்றைச் சாப்பாட்டு ஹால் மூலையில் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அந்த மூலையில் உட்கார்ந்தவருக்குக் காது கிழியும், மறுகோடியில் இருப்பவருக்கு டம் டம் என்று ஏதோ கேட்கும், அவ்வளவுதான். அதற்குப் பதில் சின்ன ஸ்பீக்கர் நாலு, சுவரோரம் ஆள் உயரத்துக்கு மேலே, ஒவ்வொன்றும் குறைந்த சத்தத்தில். சவுண்ட் சர்வீஸிடம் முன்கூட்டியே கேட்டால் கொடுப்பார்கள், அன்றைக்குக் கேட்டால் கிடைக்காது. பேஸை, அதாவது டம் டம் என்று அதிர்கிற கனத்த ஓசையை, நன்றாகக் குறைத்துவிடச் சொல்லுங்கள். பேஸ்தான் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போவது, பேச்சை அமுக்குவதும் அதுவே.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்? ஒரு மீட்டர் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 டெசிபல், பாட்டு அதற்குக் கீழே இருக்க வேண்டும். போனில் அளக்கிற ஆப் உண்டு, ஓரளவுக்குத்தான் சரியாகக் காட்டும். அதைவிட நல்ல வழி, இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்வது. ஒருவர் முன்னால் சாய்ந்து காது கொடுக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். "ரசம், ரசம்" என்று வருகிற பரிமாறுகிறவரின் குரலும், "போதும்பா" என்று கையை மறைத்துச் சொல்கிற பெரியவரின் குரலும் கேட்க வேண்டும். காலி ஹாலில் சரியாக இருந்த சத்தம் கூட்டம் வந்ததும் குறைந்த மாதிரி தெரியும், உடனே யாராவது ஓடிப்போய் ஏற்றுவார்கள். ஏற்ற விடாதீர்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான். லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே இதைக் கண்டு சொல்லிவிட்டார். நீங்கள் ஒரு படி ஏற்றினால் பந்தி முழுக்க ஒரு படி கத்தும், மறுபடி பாட்டு கேட்காது, மறுபடி ஏற்றுவார்கள்.

சரி, பாட்டுக்கு வருவோம். பந்திக்கு நான் முதலில் சொல்வது வாத்திய இசை. பாட்டில் வார்த்தை இருந்தால் காது அதைப் பிடித்துக்கொள்ளும், எதிரில் இருப்பவர் சொல்வது பாதிதான் உள்ளே போகும். புல்லாங்குழல், வீணை, மாண்டலின், சாக்ஸபோன் நாலும் இதற்கு நன்றாகப் பொருந்தும். என். ரமணியின் குழல், சிட்டிபாபுவின் வீணை, யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின், கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் எல்லாம் பதிவாகச் சுலபமாகக் கிடைக்கின்றன, கர்நாடக இசை கேட்டே பழக்கமில்லாதவரும் முகம் சுளிக்காமல் கேட்பார். கச்சேரிப் பதிவில் நீண்ட தனி ஆவர்த்தனமும் (மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற பகுதி) கைதட்டலும் இருக்கும், அதையெல்லாம் விட்டுவிட்டு அஞ்சாறு நிமிஷத்தில் முடிகிற உருப்படிகளாக எடுங்கள். ஹம்சத்வனி, மோகனம், கல்யாணி மாதிரி பளிச்சென்ற ராகங்கள் நல்லது. நீலாம்பரி தாலாட்டுக்கு உரியது, பூபாளம் விடியற்காலைக்கு உரியது, முகாரியைச் சுப காரியத்தில் யாரும் விரும்பமாட்டார்கள். நாதஸ்வரத்தை மட்டும் ஹாலுக்குள் ஸ்பீக்கரில் போடாதீர்கள். திறந்த வெளியில் தெருக்கோடி வரை கேட்க வேண்டிய வாத்தியம் அது, வாசலில் நேரில் வாசிக்கும்போது இருக்கிற கம்பீரம் டைல்ஸ் சுவருக்குள் இரைச்சலாகிவிடும்.

எல்லாரும் தவறவிடுகிற இடம் சினிமாப் பாட்டின் வாத்திய வடிவம். கிடாரிலோ சாக்ஸபோனிலோ வாசித்த மெலடி என்று நூறு பாட்டுள்ள ஒரு தொகுப்பை இறக்கி அப்படியே ஓடவிடுவார்கள், வார்த்தை இல்லையே, என்ன வந்துவிடும் என்று. நம்ம ஆட்களுக்கு வார்த்தை தேவையே இல்லை, மெட்டு வந்தால் மனசுக்குள் வரி தானாக ஓடும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ரிசப்ஷனில் இதை நேரிலேயே பார்த்தேன். இரண்டாவது பந்தி, பிரியாணி முடிந்து பிரெட் அல்வா வைக்கிற நேரம், சாக்ஸபோனில் அழகாக ஒரு மெட்டு வந்தது. படத்தில் அது அம்மா செத்த பிறகு மகன் பாடுகிற பாட்டு. பெண்ணின் அம்மா தவறி எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த பெரியப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாப்பா இது, கல்யாணத்துல போடுற பாட்டா? மாத்துப்பா மொதல்ல" என்று கை காட்டினார். அந்த வரிசையில் பாதி இலை அல்வாவோடு அப்படியே மூடப்பட்டது. அதனால் ஒவ்வொரு பாட்டையும், அது எந்தப் படத்தில் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் இருக்கிற அத்தையோ மாமாவோ போதும், மெட்டு கேட்டதுமே சொல்லிவிடுவார்கள். காதல் தோல்வி, பிரிவு, தாலாட்டு, தத்துவம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். கூடவே, இரண்டு வீட்டிலும் சமீபத்தில் யார் தவறினார்கள், அவர்களுக்குப் பிடித்த பாட்டு எது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கானா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம ஏரியாவில் அது இல்லாமல் கல்யாணம் நிறையாது. கானா இந்த மண்ணின் இசை, அதை ரிசப்ஷனில் ஒதுக்கிவைக்கச் சொல்கிறவன் நான் இல்லை. அதன் இடம் மேடை. ஆள் பாட, கூட்டம் பதில் குரல் கொடுக்க, டோலக் சத்தத்துக்குப் பசங்கள் ஆட வேண்டும். ஸ்பீக்கரில் மெதுவாக விட்டுப் பின்னணியில் வைப்பது கானாவுக்கும் மரியாதை இல்லை, சாப்பிடுகிறவருக்கும் சுகமில்லை, வரிக்கு வரி விஷயம் இருப்பதால் கேட்கத்தான் தோன்றும். இன்னொன்று, கானாவில் ஒரு பெரிய பகுதி சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற மரண கானா. இணையத்தில் கானா தொகுப்பு என்று போட்டிருப்பதில் அதுவும் கலந்திருக்கும், தாளத்தை மட்டும் கேட்டால் வித்தியாசம் தெரியாது. மேடைக்கு என்றாலும் வரியைக் கேட்டுப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

வருகிறவர்களையும் யோசியுங்கள். ராயபுரத்தில் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கீபோர்டிலோ வயலினிலோ கீர்த்தனை மெட்டுகளைப் போடலாம், வீட்டுப் பெரியவர்கள் எது என்று சொல்வார்கள். முஸ்லிம் வீட்டு விருந்தில் பாட்டே வேண்டாம் என்பவர்களும் உண்டு, அங்கே வாத்தியமும் போடாமல் விடுவதுதான் சரி, கேட்காமல் எதையும் வைக்காதீர்கள். வடசென்னையில் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய, அப்படிச் சம்பந்தி வந்தால் அவர்கள் பக்கத்துப் பழைய மெலடி பத்தாவது இருக்கட்டும். அது யார் கண்ணில் படுகிறதோ இல்லையோ, சம்பந்தியம்மா கவனிப்பார்.

வரிசையைப் பந்தியை வைத்துப் போடுங்கள். முதல் பந்தி பெரியவர்களும் குழந்தைகளும், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்துக்கு ரயில் பிடிக்க வேண்டியவர்களும். அவர்களுக்கு வீணை, குழல், கறுப்பு வெள்ளைக் காலத்து மெலடி. நடுப் பந்திகள் ஆபீஸ் ஆட்கள், நண்பர்கள், தெருக்காரர்கள். கூட்டம் அதிகம், நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நின்றுகொண்டிருப்பார். இங்கே வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், எண்பது தொண்ணூறுகளின் துள்ளலான மெட்டுகள் சரியாக இருக்கும். மில்லிமன் என்பவர் ஓர் உணவகத்தில் செய்து 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மெதுவான இசை ஓடியபோது ஆட்கள் சராசரியாக 56 நிமிஷமும் வேகமான இசைக்கு 45 நிமிஷமும் உட்கார்ந்தார்கள். பந்தியில் அவ்வளவு வித்தியாசம் வராது, இலையில் சாப்பாடு முடிந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். ஆனாலும் இழுத்து இழுத்துப் போகிற பாட்டை அந்த நெரிசலில் வைப்பதில் அர்த்தமில்லை. கடைசிப் பந்தி வீட்டு ஆட்களும் பொண்ணு மாப்பிள்ளையும். மூணு மணி நேரம் நின்று சிரித்த களைப்பில் வருவார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று முன்னமே கேட்டு வாங்கிவையுங்கள். அங்கே குரலோடு இருக்கிற பாட்டு தாராளமாக வரலாம்.

ஏழரையிலிருந்து பத்தரை வரை மூணு மணி நேரத்துக்குப் பாட்டு ஒன்றுக்கு நாலரை நிமிஷம் என்றால் 40 பாட்டு வேண்டும், ஐம்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் நேராக ஓட்டாதீர்கள், நடுவில் விளம்பரம் கத்தும். டவுன்லோட் செய்து ஒரு பழைய போனில் ஏற்றி, ஃபிளைட் மோடில் போட்டு, ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையரில் செருகுங்கள். புளூடூத்தில் வைத்தால் போன்காரர் பந்தல் வாசலுக்குப் போனதும் பாட்டு விட்டு விட்டு வரும். கரென்ட் போய் ஜெனரேட்டர் மாறும்போது பென் டிரைவ் பிளேயர் சில சமயம் முதல் பாட்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும், போன் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் ஒரு பென் டிரைவில் எம்பி3-யாக நகல் வைத்திருங்கள். பழைய பதிவு மெதுவாகவும் புதுப் பதிவு சத்தமாகவும் இருக்கும், அதனால் ஒரு தடவை முழுசாக ஓட்டிப் பார்த்து எகிறுகிற பாட்டைத் தூக்கிவிடுங்கள்.

கல்யாணத்தில் பாட்டு போட்டதற்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்டு யாராவது வந்தால் பயப்பட வேண்டாம். காப்புரிமைச் சட்டம் 52(1)(za) பிரிவு, கல்யாண ஊர்வலத்தையும் அதை ஒட்டிய கொண்டாட்டங்களையும் விலக்கில் சேர்த்திருக்கிறது, மத்திய அரசும் 2023 ஜூலையில் இதைத் தெளிவாக அறிவித்தது. சத்தத்துக்கான விதி வேறு. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, மூடிய ஹாலுக்குள் மட்டும் உள்ளே கேட்கிற அளவுக்கு ஓடலாம். வாசலில் ஷாமியானா போட்டு அங்கே பந்தி நடத்துகிறவர்கள் பத்து மணிக்கு நிறுத்த ஓர் ஆளைச் சொல்லிவையுங்கள்.

அந்த ஆள் யார் என்பதையும் முன்னமே முடிவு செய்துவிடுங்கள். பொண்ணு மாப்பிள்ளையின் அண்ணன் தம்பி வேண்டாம், அவர்களுக்கு அன்றைக்கு வேறு நூறு வேலை. பொறுமையான ஒரு சொந்தக்காரப் பையனோ பெண்ணோ போதும். பாட்டு வரிசையைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவரிடம் ஒன்று, சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஒன்று கொடுத்து, வேறு யார் வந்து கேட்டாலும் பாட்டையோ சத்தத்தையோ மாற்றக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பேரையும் முதல் பந்தியிலேயே உட்காரவைத்துச் சாப்பிடவையுங்கள், அப்போதே எந்த இடத்தில் சத்தம் கூடுதல், எங்கே கேட்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.