மட்டக்களப்பு வாவிக்கு மேலே நட்சத்திரக் கோடுகள்

பூமி சுழல்வதால் நீண்ட நேரம் எடுக்கும் படத்தில் நட்சத்திரங்கள் ஒளிக்கோடுகளாக விழும். அவை வட்டமாகச் சுழலும் படம்தான் வேண்டுமென்று வாவிக்கரையில் கமராவை வடக்கே திருப்பாதீர்கள். மட்டக்களப்பு வடக்கு அகலாங்கு 7.7 பாகையில் இருக்கிறது. அந்த வட்டங்களின் மையமான துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். ஊர் வெளிச்சமும் ஈரக்காற்றும் அதை விழுங்கிவிடும். மேற்கே பாருங்கள். அங்கே கோடுகள் ஏறக்குறையச் செங்குத்தாக நீருக்குள் இறங்கும். இந்த இடத்தின் அழகு அதுதான்.

காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கத்து எழுவான்கரையில் (வாவியின் கிழக்குக் கரை) நின்று மேற்கே படுவான்கரையைப் பார்த்து எடுங்கள். எதிரே வயலும் சிற்றூர்களும்தான், வெளிச்சம் குறைவு. மறுகரையில் நின்றால் நகர விளக்குகள் எல்லாம் படத்துக்குள் வந்துவிடும். அம்பாறையின் சேனாநாயக்க சமுத்திரம் இதைவிட இருட்டு. ஆனால் யானைகள் நடமாடும் இடம், இரவில் அங்கே தனியே போக வேண்டாம். வாவியிலும் முதலை உண்டு. முக்காலியை நீருக்குள் இறக்காமல் கரையிலேயே வையுங்கள், மீன்பிடிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்கழியில் வாடை மழை வானத்தை மூடியிருக்கும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரியன் விண்மீன் கூட்டத்தின் இடைப்பட்டி (வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள்) அதிகாலை 2 மணிக்குச் சற்று முன் நேர் மேற்கில் மறையும். 12.30க்குத் தொடங்கினால் முழு இறக்கமும் கிடைக்கும்.

நீரில் தெரியும் பிம்பம் எப்போதும் மங்கல். 10 பாகை உயரத்து நட்சத்திரத்தின் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நீர் திருப்பித் தரும். 30 பாகையில் வெறும் 6 சதவீதம். அதனால் அடிவானத்தை நடுவில் வைத்து, கமராவை நிமிர்த்திப் பிடித்த வாக்கில் எடுங்கள். பிரகாசமான ஒரியன் கைகொடுப்பதும் இதனால்தான். மெல்லிய சிற்றலை பிம்பத்தை மேலும் கீழும்தான் இழுக்கும். கோடும் அதே திசையில் ஓடுவதால் பெரிதாக உறுத்தாது. காற்றடித்து அலை உடைந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒரே நீண்ட படமாக அல்ல, அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து முடிவில் ஒன்றாக அடுக்குவோம். ஒவ்வொன்றுக்கும் அமைப்பு: அகன்ற கோண லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800, 30 செக்கன். கமராவோடு வரும் கிட் லென்ஸின் எஃப் 3.5 என்றால் ஐஎஸ்ஓ 1600. வெண்சமநிலை (வைட் பேலன்ஸ்) 4000 கெல்வினில் நிலையாக இருக்கட்டும். பிரகாசமான சீரியஸ் நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெருப்பித்துக் கையால் குவியப்படுத்தி, வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். நடுக்கத் தடுப்பையும் நீள்வெளிச்ச இரைச்சல் குறைப்பையும் நிறுத்துங்கள். பின்னதை மறந்தால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கமரா இன்னொரு 30 செக்கன் வேலையில் இருக்கும். கோடு துண்டு துண்டாகும்.

இன்னொரு பொறி: பல கமராக்களில் "30 செக்கன்" என்பது உண்மையில் 32. ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்ததின் தொடக்கம் வரையான இடைவெளியை 31 செக்கன் என்று வைத்தால் ஒன்றுவிட்டு ஒரு படம் தவறும். 33 வையுங்கள், அல்லது தொடர்ப்பிடிப்பில் போட்டு கேபிள் பொத்தானைப் பூட்டிவிடுங்கள், அது இன்னும் பாதுகாப்பு. ஒன்றரை மணி நேரத்தில் 160 படங்களுக்கு மேல் சேரும். முழுப் பற்றரியோடு தொடங்குங்கள். நடுவில் மாற்றினால் சட்டகம் அசையும்.

நம் இரவில் குளிர் பெரிய தொல்லையில்லை. தொல்லை பனி. ஏசி காரிலிருந்து எடுத்த லென்ஸ் வெளிக்காற்று பட்டதும் வியர்த்துவிடும். பைக்குள் வைத்தபடியே அரை மணி நேரம் முன்னதாக வெளியே வையுங்கள். பிறகு 5 வாட் யுஎஸ்பி சூடேற்றும் பட்டியை லென்ஸின் முன்விளிம்பில் சுற்றி, முதல் படத்துக்கு முன்பே போடுங்கள். பனி பிடித்தபின் துடைத்தால் லென்ஸ் அசையும், முன்னெடுத்த படங்களோடு பொருந்தாது.

வெப்பமான இரவில் சென்சரில் சிவப்பு, நீலப் புள்ளிகள் நிறைய விழும். அவற்றைக் கழிப்பதற்காக முடிவில் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே அமைப்பில் பத்து இருட்டுப் படங்கள் எடுங்கள். இலவச மென்பொருளான ஸ்டார்ஸ்டாக்ஸில் நட்சத்திரப் படங்களையும் இருட்டுப் படங்களையும் ஏற்றி, இடைவெளி நிரப்பும் முறையைத் தெரிவுசெய்து அடுக்குங்கள். தோணி விளக்கோ விமானமோ குறுக்கே போன படங்களை நீக்காதீர்கள், அங்கே கோடு அறும். அந்த ஒளியை மட்டும் கறுப்பால் பூசிவிட்டு மறுபடி சேருங்கள்.