மும்பையிலிருந்து நெல்லைக்குக் காரில்: வழியைத் திட்டமிடுவது எப்படி?

செம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 1,570 கிலோமீட்டர். மே விடுமுறைக்கு ரயில் டிக்கெட் கிடைக்காமல் முதன்முதலில் காரில் கிளம்பியபோது, அந்தக் கிலோமீட்டர் கணக்கை மட்டும்தான் பார்த்தேன். இரண்டாம் நாள் மாலை 6 மணிக்குப் பெங்களூரு நெரிசலில் சிக்கினோம். சேலத்துக்கு முன்னால் வரும் தொப்பூர் மலை இறக்கத்துக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது, முன்னும் பின்னும் லாரிகள். பின் சீட்டில் இருந்த அம்மா கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம், எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்கிறோம் என்பதை வைத்தே வழியை வகுக்கிறேன்.

படி 1: கடினமான இடங்களைக் குறியுங்கள்

ஒரு தாளில் ஊர்களை வரிசையாக எழுதுங்கள்: புனே, சதாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, தும்கூர், பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை. பெங்களூரு வரை தேசிய நெடுஞ்சாலை 48, அங்கிருந்து 44. இதில் புனே பைபாஸ், பெங்களூரு, தொப்பூர் மூன்றையும் வட்டமிடுங்கள். புனே பைபாஸில் நவலே பாலத்துக்கு வரும் சரிவு விபத்துகளுக்குப் பேர்போனது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் கணவாயும் அப்படித்தான். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் இடம் அது. இரண்டையும் பகல் வெளிச்சத்தில் கடக்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

படி 2: இரவுத் தங்கலை முடிவு செய்யுங்கள்

டீ, சாப்பாடு, டோல் எல்லாம் சேர்த்து மணிக்கு 55 கிலோமீட்டர் என்று கணக்கிடுங்கள். மேப் காட்டும் நேரத்தில் நீங்கள் நிற்கும் நேரம் சேராது. ஒரு நாளைக்கு 600 கிலோமீட்டரை ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் முதல் இரவு ஹூப்ளி (சுமார் 570), இரண்டாம் இரவு சேலம் (சுமார் 610), மூன்றாம் நாளுக்கு மிச்சம் 390.

படி 3: நேரத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பெங்களூருவைக் காலை அலுவலக நெரிசல் ஓய்ந்து, மாலை நெரிசல் தொடங்கும் முன் கடக்க வேண்டும். அப்படியானால் தும்கூரில் 11 மணிக்கு இருக்க வேண்டும். ஹூப்ளியிலிருந்து தும்கூர் 340 கிலோமீட்டர், அதாவது ஆறு மணி நேரத்துக்கு மேல். ஆகவே விடிகாலை 5 மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். பெங்களூருக்குள் நுழையாமல், தும்கூர் சாலையிலிருந்து நைஸ் ரோடு என்ற சுற்றுச்சாலையில் திரும்பினால் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஓசூர் சாலையில் சேரலாம். டோல் உண்டு, கொடுக்கலாம். மதியம் 3 மணி வாக்கில் தொப்பூர் வந்துவிடும். இறக்கத்தில் கியரைக் குறைத்து, லாரிக்குப் பின்னால் ஒட்டாமல் மெதுவாக இறங்குங்கள்.

முதல் நாளும் இதே கணக்குதான். செம்பூரில் 4:30க்குப் புறப்பட்டால் வாஷி பாலம் காலியாக இருக்கும், புனே பைபாஸையும் நெரிசல் ஏறுவதற்குள் பிடித்துவிடலாம்.

படி 4: மேப்பில் சரிபாருங்கள்

கூகுள் மேப்பில் புறப்படும் நாளையும் நேரத்தையும் கொடுத்து வழியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்தமாகப் போட்டால் பெங்களூரு நெரிசல் கண்ணில் படாது. அந்த வழி முழுவதையும் ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள்.

படி 5: சில்லறை வேலைகள்

ஃபாஸ்டேக்கில் பணம், ஸ்டெப்னியில் காற்று. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும் முன் பெட்ரோல். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033க்கு அழைக்கலாம். அந்த எண்ணை வண்டியில் வரும் எல்லோர் போனிலும் பதிந்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் சேலத்தில் 6 மணிக்குக் கிளம்புங்கள். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்று முந்தின இரவே ஊருக்குச் சொல்லிவிடலாம்.